பரங்கிமலைப் பீரங்கியும் நுங்கம்பாக்கத்துக் கடிகாரமும்

வேகம், திசைவேகம், முடுக்கம் என்னும் மூன்று சொற்களுக்கும் மாணவர்கள் இலக்கணத்தை மனப்பாடம் செய்கின்றனர். ஒன்றற்கும் மற்றொன்றற்கும் வேறுபாடு என்ன என்று வினவினால் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் போக்க வல்ல வரலாறு ஒன்று நம் சென்னை நகரிலேயே உண்டு.

நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானாய்வுக்கூடம் எழுந்தது. இன்று வானிலை ஆய்வு மையம் இயங்கும் அவ்வளாகத்தில், தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்ற அதன் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 1820, 1821ஆம் ஆண்டுகளில் அக்கூடத்தின் தலைவராக விளங்கியவர் ஜான் கோல்டிங்காம் என்பவர். ஒலியின் வேகத்தை அளக்க அவர் புதிய கருவி எதனையும் தேடவில்லை. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் நேரம் அறிவிக்கப் பீரங்கி வெடிப்பது அக்கால வழக்கம். அதனையே அவர் பயன்படுத்திக்கொண்டார்.

பரங்கிமலைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 29,500 அடி. வெடியின் ஒளி கண்ணிமைக்கும் முன்னரே வந்துவிடும். ஒலியோ அடையாற்றையும் மாம்பலத்தையும் கடந்து, 25 முதல் 27 விநாடி கழித்தே செவியை எட்டும். ஒளி தோன்றிய கணம் முதல் ஒலி கேட்ட கணம் வரை கடிகாரத் துடிப்புகளை எண்ணினர். தொலைவைக் காலத்தால் வகுத்தனர். கிடைத்ததே வேகம்.

ஆனால் கிடைத்த எண் ஒன்றாக இல்லை. மாதச் சராசரி டிசம்பரில் விநாடிக்கு 1,099 அடி. ஜூலையில் 1,164 அடி. காரணம் என்ன? காற்று வெப்பமடைந்தால் ஒலி விரையும். எனினும் ஒரு பாகை செல்சியசுக்கு இரண்டு அடியே மிகும். ஆகவே வெப்பம் ஒன்றே இவ்வேறுபாடு முழுவதற்கும் காரணமாகாது. அளவையில் நேரும் சிறு பிழைகளுக்கும், வீசும் காற்றுக்கும் அதில் பங்குண்டு. காற்று ஒலியோடு சேர்ந்து வீசுவதற்கும் எதிர்த்து வீசுவதற்கும் இடையே விநாடிக்கு ஏறத்தாழ 21 அடி வேறுபாடு இருப்பதைக் கோல்டிங்காம் கண்டார்.

மாணவர்களே, இங்கேதான் திசைவேகம் நமக்குத் தேவைப்படுகிறது. அசையாத காற்றில் ஒலி விநாடிக்கு 1,140 அடி செல்வதாகக் கொள்வோம். காற்று விநாடிக்குப் பத்து அடி வேகத்தில் வீசுகிறது என்று மட்டும் ஒருவர் சொன்னால், அந்தப் பத்தைக் கூட்டுவதா, கழிப்பதா? திசை தெரிந்தாலன்றி விடை இல்லை. தென்மேற்கிலிருந்து வீசினால் பரங்கிமலை ஒலி 1,150 அடி வேகத்தில் நுங்கம்பாக்கத்தை நோக்கி வரும். வடகிழக்கிலிருந்து வீசினால் 1,130 அடியாகக் குறையும். திசையோடு கூடிய வேகமே திசைவேகம்.

இனி முடுக்கம். அதே கூடத்தில் 1821இல் ஊசல் கொண்டு மற்றொரு சோதனை நிகழ்ந்தது. ஒரு முறை ஒரு பக்கம் ஆட ஒரு விநாடி கொள்ளும் ஊசலின் நீளம் லண்டனில் 39.14 அங்குலம், சென்னையில் 39.03 அங்குலமே. நீளம் குறைந்திருப்பதால், இங்கே புவியீர்ப்பு சற்றே குறைவு என்பது பெறப்படும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமி பருத்திருப்பதும் அதன் சுழற்சியும் இதற்குக் காரணங்கள். அவ்வளவையிலிருந்து கணக்கிட்டால், மயிலாப்பூரில் ஒரு மாடியிலிருந்து விழும் தேங்காயின் திசைவேகம் ஒவ்வொரு விநாடியிலும் விநாடிக்கு 32.1 அடி வீதம் மிகும், லண்டனில் 32.2 அடி. திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம். சீரான காற்றில் செல்லும் ஒலிக்கு முடுக்கம் இல்லை. விழும் தேங்காய்க்கு உண்டு.

பாடநூல் தரும் எண் பொய்யன்று. ஆயினும் எவ்விடத்தில், எந்நிலையில், எத்திசையில் என்று கேட்டறிந்தவனுக்கே அது முழுப்பொருள் தரும். ஐப்பசி மழையில் மின்னலைக் கண்டதும், வீட்டுக்குள் இருந்தபடியே, இடியோசை வரும் வரை விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கோல்டிங்காம் செய்ததும் இதுவே. அவர் அதனை நாள்தோறும் செய்து, பொறுமையுடன் எழுதியும் வைத்தார்.