பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை

போன மாசம் ஊருக்குப் போனப்போ, குறுக்குத்துறை படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூட நண்பன் திடீர்னு கேட்டான். "ஏல, பையனைக் கேட்டு கேஸ் போடட்டுமா?"

மனைவி பிரிஞ்சு போய் ரெண்டு வருஷம். பையனுக்கு ஒன்பது வயசு. சண்டையில் யாரோ, "அவன் உன் பிள்ளைதானா?"ன்னு வேற கேட்டிருக்காங்க. "டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து மூஞ்சில வீசணும்ல" என்றான்.

நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா பழைய வழக்குகள் படிக்கிறதில் ஒரு கிறுக்கு உண்டு.

கல்யாண வாழ்க்கையில் பிறந்த குழந்தைக்குக் கணவன்தான் அப்பா, இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லைன்னு நிரூபிச்சாலொழிய. 1872 சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் 116-ஆம் பிரிவா இருக்கு. ஆக, இவன் டெஸ்ட்டுக்கு அலைய வேண்டாம்.

சரி, அப்பான்னு ஆயிட்டா பிள்ளை வந்துருமா? அவனுக்கு அடையாறு கதையைச் சொன்னேன்.

நாராயணய்யா, ஓய்வுபெற்ற தாசில்தார், மனைவியை இழந்தவர். 1910-ல் தன் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் அன்னி பெசன்ட்டைக் கார்டியனாக்கிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் லெட்பீட்டர் மேல் சந்தேகம் வந்தது. பிள்ளைகளோ இங்கிலாந்தில். 1912-ல் வழக்குப் போட்டார். அவருக்கு வக்கீல் சி.பி.ராமசாமி ஐயர், பெசன்ட் அம்மையார் தானே வாதாடினார். 1913-ல் சென்னை ஹைகோர்ட்டில் அப்பாவுக்கே வெற்றி. அப்பீலிலும் வெற்றி.

1914 மே மாசம் லண்டன் பிரிவி கவுன்சில் எல்லாத்தையும் தலைகீழாக்கியது. பிள்ளைகள் இருப்பது இங்கிலாந்தில், செங்கல்பட்டு கோர்ட்டில் போட்ட வழக்கு செல்லாது என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் முக்கியம்: பிள்ளைகள் தரப்பை இங்கே யாருமே கேட்கலை. லண்டனில் அவங்க, திரும்பிப் போக விருப்பமில்லைன்னு சொல்லிட்டாங்க.

இத்தனைக்கும், விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கோர்ட் பார்க்கலாம்னு 1890 சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே இருக்கு. இன்னிக்கும் அதே சட்டம்தான்.

நாராயணய்யா அப்பா இல்லைன்னு ஒருத்தரும் சொல்லலை. அது மட்டும் போதலை.

"நீ பையன்ட்ட கேட்டியால?"

ரொம்ப நேரம் ஆத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். "அவன்ட்ட என்னத்தக் கேக்க..." என்று இழுத்தான்.

நேத்து ஃபோன் பண்ணினான். கேஸ் இன்னும் போடலை. சனிக்கிழமை பையனைப் பார்க்கப் போறானாம்.