மணலியும் மணாலியும்: ஒரு ஸ்பிரிங்கின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்துல ஆரம்பிக்குது. மணாலி, மணலி. மணாலி இமாச்சலத்துல இருக்கு. பைக் வச்சிருக்கிற பாதிப் பேரோட கனவு. மணலி நம்ம வடசென்னையில, டேங்கர் லாரியும் கன்டெய்னர் டிரெய்லரும் ஓடுற ஊர். மணாலிக்குப் போகணும்னு ஹிமாலயன் பைக் வாங்கினவங்க அடுத்து கேட்கிற கேள்வி இது: "பின்னாடி ஸ்பிரிங் மாத்தணும், எதைப் போடலாம்? ஹார்டா போட்டா நல்லதுதானே?" இதுக்குப் பதில் தேடிப் போனா, மணலிக்கு அந்தப் பக்கம், பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி இருக்கிற திருவொற்றியூர் வரைக்கும் வர வேண்டியிருக்கு. ஆனா கதை தொடங்குறது இங்கிலாந்துல.

ஸ்பிரிங்கே வேண்டாம்னு சொன்ன காலம்

1940கள் வரைக்கும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள்ல பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சு நேரா பிரேம்ல இறுகி இருக்கும். குலுக்கலைத் தாங்க சீட்டுக்குக் கீழ ரெண்டு சுருள் ஸ்பிரிங், அவ்வளவுதான். அந்த ஸ்பிரிங் ஓட்டுறவர் இடுப்பைத்தான் காப்பாத்துச்சு, சக்கரத்துக்கு எதுவும் செய்யல.

அங்க 'ட்ரயல்ஸ்'னு ஒரு போட்டி பிரபலம். பாறை, சேறு, ஓடை வழியா வண்டியை ஓட்டணும், கால் ஊனினா புள்ளி போயிடும். அதுல ஓட்டின அனுபவசாலிகள் பின் ஸ்பிரிங்கை நம்பவே இல்ல. சக்கரம் துள்ளும், பிடிமானம் போயிடும்னு நினைச்சாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா?

ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி வேற மாதிரி யோசிச்சது. பின் சக்கரத்தை மேலும் கீழும் அசையுற ஒரு கை மாதிரி அமைப்புல மாட்டி, ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வச்சு ஒரு புது 350 சிசி புல்லட்டை 1948ல ட்ரயல்ஸ் களத்துல இறக்கினாங்க. அதே வருஷம் இத்தாலியில சான் ரெமோவுல ஆறு நாள் சர்வதேசப் போட்டி. பிரிட்டிஷ் அணியில புல்லட் ஓட்டின ரெண்டு பேருக்கும் தங்கப் பதக்கம் கிடைச்சது. அப்புறம் ஜானி பிரிட்டன்ங்கிற வீரர் 1952லயும் 1957லயும் ஸ்காட்லாந்தோட ஆறு நாள் ட்ரயல்ஸை புல்லட்டுலயே ஜெயிச்சார்.

ஏன் அப்படி ஆச்சு? மண்ணைத் தொடாத சக்கரத்தால வண்டியைத் தள்ளவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. ஸ்பிரிங்கோட முதல் வேலை சொகுசு இல்ல, சக்கரத்தைத் தரையிலயே வச்சிருக்கிறது. இன்னைக்கும் ஸ்பிரிங் வாங்குறப்போ பலர் இந்த இடத்தைத்தான் தவற விடுறாங்க.

திருவொற்றியூருக்கு வந்த புல்லட்

1950கள்ல இந்திய ராணுவம் எல்லைப் பகுதிக்காக புல்லட்டை வாங்க ஆரம்பிச்சது. 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. தொழிற்சாலை திருவொற்றியூர்ல. முதல்ல இங்கிலாந்துலருந்து பாகங்களைக் கொண்டுவந்து கோர்த்தாங்க. 1962 வாக்குல எல்லாப் பாகமும் இங்கயே செய்யப்பட்டது. ரெட்டிச் தொழிற்சாலை 1967ல மூடிடுச்சு. திருவொற்றியூர் ஓடிக்கிட்டே இருந்தது. 2016ல ஹிமாலயன் வந்தப்போதான் ராயல் என்ஃபீல்டுல பின்பக்கம் ஒற்றை ஷாக் வந்தது. பின் சக்கரம் 180 மில்லிமீட்டர் மேல கீழ போகும்.

அதே 1955ல, கொஞ்சம் வடக்க எண்ணூர்ல, அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்டா மாறுச்சு. ஸ்பிரிங்னா என்னன்னு புரிய ஒரு லாரிக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. பட்டை பட்டையா அடுக்கின பெரிய ஸ்பிரிங் இருக்கும். நிறைய லாரிகள்ல அதுக்கு மேல சின்னதா இன்னொரு அடுக்கு, 'ஹெல்பர்'. வண்டி காலியா இருந்தா அது சும்மா நிக்கும். லோடு ஏறி வண்டி அமுங்கினாத்தான் வேலை செய்யும். ஏன்னா ஃபுல் லோடுக்குச் சரியான ஸ்பிரிங் காலி வண்டிக்கு ரொம்ப முரடு. காலி லாரி பள்ளத்துல தடதடன்னு குதிக்கிறதைப் பார்த்திருப்பீங்களே!

சரி, எதை வாங்குறது?

வண்டி எவ்வளவு சுமக்குதுன்னு முதல்ல பாருங்க. பின் சக்கரம் தரையைத் தொடாம வண்டியைத் தூக்கி, அச்சுலருந்து நேர் மேல ஒரு புள்ளி வரைக்கும் டேப் வச்சு அளங்க. அப்புறம் இறக்கி, ஹெல்மெட், ஜாக்கெட், லக்கேஜோட ஏறி உட்கார்ந்து, நண்பரை அதையே அளக்கச் சொல்லுங்க. எவ்வளவு குறைஞ்சதோ அதுதான் 'சேக்'. கரடுமுரடு ரோட்டுக்கு மொத்த அசைவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அமுங்கலாம். 180க்கு 60 மில்லிமீட்டர்.

அதிகமா அமுங்கினா பிரீலோடை இறுக்குங்க. ஆனா பிரீலோட் ஸ்பிரிங்கை ஹார்டா ஆக்காது, வண்டியோட உயரத்தை மட்டும் தூக்கும். அதனால இன்னொரு சோதனையும் வேணும். இறுக்கின பிறகு ஆள் இல்லாம வண்டியை நிறுத்திப் பாருங்க. தன் எடைக்கே அது கொஞ்சம் அமுங்கணும். துளியும் அமுங்கலைன்னா ஸ்பிரிங் உங்க எடைக்கு மெல்லிசு, அப்பதான் கடினமானது தேவை. பிரீலோடை முழுசாத் தளர்த்தியும் நீங்க உட்காரும்போது சேக் போதலைன்னா, இப்ப இருக்கிறதே உங்களுக்கு அதிகம்.

கண்ணால பார்த்து எடை போடாதீங்க. மத்த அளவெல்லாம் அப்படியே இருக்க, கம்பி மட்டும் 10 சதவீதம் தடிச்சா ஸ்பிரிங்கோட கடினம் 46 சதவீதம் ஏறிடும். எட்டு சுருள்ல ஒன்னை வெட்டினா 14 சதவீதம் கூடும், வண்டியும் தாழ்ந்துடும். கடினமான ஸ்பிரிங் திரும்பி வர்ற வேகத்தை பழைய ஷாக்கால அடக்க முடியாமப் போகலாம். அப்போ பள்ளத்துல பின் சக்கரம் காத்துல நிக்கும். 1948ல அந்தப் பெரியவங்க பயந்தது இதுக்குத்தான்.

மணாலிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி லக்கேஜெல்லாம் கட்டி, மணலி ரோட்டுல ஒரு நாள் மெதுவா ஓட்டிப் பாருங்க. டிரெய்லர் போட்ட பள்ளங்கள் இருக்கு. சக்கரம் தரையில இருக்கா, துள்ளுதான்னு அங்கயே தெரிஞ்சிடும். லாரிக்காரங்களுக்கு மட்டும் வழி விட்டுடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.