குதிரை போனது, கூடவே தீக்குச்சியும் போனது

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் குடியிருப்புப் பெரியவர்கள் பலர் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கும் ஒரு நடை போய்வருகிறார்கள். வெந்நீர் ஊற்று பீறிடுவதை வீடியோ எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். நாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவோம். அங்கே சாலை வருவதற்கு முன் குதிரைகளோடு கூடாரம் அடித்துத் திரிந்தவர்களின் கதை இது.

அந்த நிலமே ஓர் எரிமலையின் வாய். சுமார் 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்ளே சரிந்து, ஏறத்தாழ 70 கி.மீ. நீளத்துக்குப் பள்ளமாகிவிட்டது. அடியில் இன்னமும் சூடு தணியவில்லை.

1870 ஆகஸ்டில் மொன்டானா பகுதியின் ஹெலினா நகரிலிருந்து ஹென்றி வாஷ்பர்ன் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. பெரிய மனிதர்கள் ஒன்பது பேர். அதில் சாமுவேல் ஹவுசர் ஒரு வங்கியின் தலைவர் என்பதை நான் குறிப்பிடாமல் விட முடியாது! வழியில் எல்லிஸ் கோட்டையில் லெப்டினன்ட் டோன் ஐந்து படைவீரர்களோடு சேர்ந்துகொண்டார். பொதி கட்ட இருவர், சமைக்க இருவர். மொத்தம் 19 பேர். குதிரைகள் 40 வரை.

பொதி கட்டுவது எளிதான வேலை அல்ல. இருபக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். எங்கள் பேரேட்டில் பற்றும் வரவும் போலத்தான். ஒருபக்கம் கூடினால் சேணம் சரியும், குதிரையின் முதுகு புண்ணாகும். முதுகு புண்ணான குதிரை மறுநாள் சுமக்காது. இரவில் புல் உள்ள இடமாகப் பார்த்துத்தான் கூடாரம். குதிரைகளை முளையில் கட்ட வேண்டும், அல்லது முன்கால்களைப் பிணைத்து மேயவிட வேண்டும். மனிதன் சாப்பிட உட்காருவது அதற்கெல்லாம் பிறகுதான்.

யெல்லோஸ்டோன் ஏரிக்குத் தெற்கே அவர்களுக்குச் சோதனை வந்தது. விழுந்து கிடந்த பைன் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக வழியை அடைத்தன. நதானியேல் லாங்ஃபோர்டின் நாட்குறிப்பில் ஒரு சின்னப் பொதிக்குதிரை வருகிறது. சரிவுகளில் எத்தனை முறை உருண்டாலும் அடிபடாமல் எழுந்ததால் அதற்கு ‘வெல்ல முடியாத குட்டி’ என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். அது ஒரு மரத்தைத் தாண்டப் பார்த்து, முன்கால்களும் தரையில் படாமல் பின்கால்களும் படாமல் மரத்தின் மேலேயே தொங்கிக்கொண்டு நின்றதாம்.

அந்தக் காட்டில்தான், செப்டம்பர் 9 அன்று, ட்ரூமன் எவர்ட்ஸ் தனித்துப் போய்விட்டார். முன்னாள் வரி அதிகாரி, வயது 54, பார்வை குறைவு. ஆளுக்கொரு பக்கம் வழி தேடியபோது பிரிந்தவர், மாலைக்குள் சேர்ந்துவிடலாம் என்றே நினைத்தார். மறுநாள் வழி பார்க்க இறங்கியவர் குதிரையைக் கட்டாமல் விட்டார். அது மிரண்டு ஓடியது. போர்வை, துப்பாக்கி, தூண்டில், தீக்குச்சி எல்லாம் சேணத்தோடு போய்விட்டன. கையில் மிஞ்சியது இரண்டு சிறு கத்திகளும் நாடகம் பார்க்கும் ஒரு சிறிய தொலைநோக்கியும். கத்திகளையும் சீக்கிரமே தொலைத்தார்.

அதன்பின் அவரைக் காப்பாற்றியது அந்த எரிமலைதான். வெந்நீர் ஊற்றின் ஓரத்துச் சூட்டில் படுத்தார். ஒருவகை முட்செடியின் கிழங்கை அந்த ஊற்றிலேயே வேகவைத்துத் தின்றார். மெல்லிய தரை உடைந்து ஆவி பட்டதில் இடுப்பு வெந்தது. தொலைநோக்கியின் கண்ணாடியால் வெயிலில் தீ மூட்டலாம் என்பது பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

நண்பர்கள் தேடாமல் இல்லை. தீ மூட்டி அடையாளம் காட்டினார்கள், உணவு வைத்துவிட்டுப் போனார்கள். பனி கொட்டியது, கையிருப்பும் குறைந்தது, ஊர் திரும்பினார்கள். செப்டம்பர் 19 இரவு கூடாரத் தீயைச் சுற்றி உட்கார்ந்து, ‘இந்த நிலம் யாருக்கும் சொந்தமாகக் கூடாது, தேசத்துக்கே பூங்காவாகட்டும்’ என்று பேசினார்கள் என்பது புகழ்பெற்ற கதை. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை முழுதாக நம்புவதில்லை. நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அந்த இரவில் எவர்ட்ஸ் எங்கோ முட்கிழங்கு தின்று கிடந்தார் என்பது என் மனதை உறுத்துகிறது.

37 நாள் கழித்து, அக்டோபர் 16 அன்று, ஜாக் பேரோனெட், ஜார்ஜ் பிரிட்சட் என்ற இருவர் எலும்பும் தோலுமாக ஊர்ந்துகொண்டிருந்தவரைக் கண்டெடுத்தார்கள். கண்டுபிடிப்பவருக்கு 600 டாலர் என்று ஹெலினா நண்பர்கள் அறிவித்திருந்தார்கள். பிழைத்துவிட்டாரே, அவரே கொடுக்கட்டும் என்று இப்போது கைவிரித்தார்கள். எவர்ட்ஸும் கொடுக்கவில்லை. வாராக்கடன்!

1872 மார்ச் 1 அன்று அதிபர் கிராண்ட் கையெழுத்திட, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவானது. லாங்ஃபோர்ட் சம்பளமில்லாத முதல் கண்காணிப்பாளர். எவர்ட்ஸ் பெயரில் ஒரு மலை இருக்கிறது, அவர் தின்ற முட்செடிக்கும் அவர் பெயர்தான். பேரோனெட்டுக்கும் ஒரு சிகரம் உண்டு. அதில் அவர் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டார்கள். சமையல்காரர்கள் இருவரும் கறுப்பினத்தவர்கள். பெயர்ப் பட்டியலில் அவர்கள் வெறும் ‘நியூட்’, ‘ஜானி’தான்.