பொன்முடி ஏறாத கார்

டியர்பார்னில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு இதுவரை நாலு தடவை போயாச்சு. ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்கு அடுத்து அங்கேதான். கடைசியாகப் போனபோது என் பையன் ஒரு குட்டி வெள்ளை வண்டி முன்னால் நின்றுவிட்டான்.

"அப்பா, மஸ்டாங்னு போட்டிருக்கு. ஆனா பக்கத்து வீட்டு அங்கிள் வச்சிருக்கற மாதிரி இல்லையே?"

நியாயமான கேள்வி. 1962-ல் ஃபோர்டு ஆட்கள் காட்சிக்கென்று செய்த வண்டி அது. ரெண்டே சீட், எஞ்சின் டிரைவருக்குப் பின்னால். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் குடும்பஸ்தன் யார் வாங்குவான்? 1964 ஏப்ரல் 17-ல் கடைக்கு வந்த மஸ்டாங்கில் அடித்தளம், எஞ்சின் எல்லாம் ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காருடையவை. மேலே நீண்ட பானெட், குட்டை வால். விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 ஆர்டர்! காட்சி வண்டியிலிருந்து மிஞ்சியது பெயரும், குதிரையும், பக்கவாட்டுக் குழிவும்தான்.

அதே வருஷம் பான்டியாக் செய்தது இன்னும் வேடிக்கை. நடுத்தர வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் விதி. இவர்கள் 389-ஐ வைத்து, "விருப்பமுள்ளவர்களுக்குக் கூடுதல் வசதி" என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதுதான் ஜிடிஓ. எங்கள் பேங்கில் இப்படி ஒரு ஃபைல் வந்தால் ஆடிட்டர் என்ன சொல்வாரோ!

சரி, ஊருக்கு வருகிறேன். நான் ஸ்கூலில் படிக்கும்போது, வாடகைக் காரில் குடும்பத்தோடு பொன்முடி போனோம். கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே ரேடியேட்டர் கொதித்துப் புகை. வண்டி ஆறும்வரை பாறைமேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பா மேனன் கதையைச் சொன்னார்.

திருவனந்தபுரத்தில் 1960களில் கே.ஏ.பி. மேனன் என்பவர் 'அரவிந்த்' என்று ஒரு காரையே உருவாக்கினார். அமெரிக்க வண்டிகளின் சாயல். டெட்ராய்டில் இல்லை சார், நம்ம ஊரில்! ஆனால் 1951 தொழில் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கார் தொழிற்சாலை நடத்த முடியாது. அப்போது ஹிந்துஸ்தான், பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு, இந்த மூன்றும்தான் கார் தயாரித்தன. மேனனுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. மாதிரி வண்டி மாதிரியாகவே நின்றுபோனது.

1970-ல் சிறிய கார் செய்ய சஞ்சய் காந்திக்கு முதற்கட்ட அனுமதி கிடைத்தது. அந்த கம்பெனி கார் விற்காமலேயே கலைந்தது. பிறகு அரசாங்கம் எடுத்து, சுசுகியோடு சேர்ந்து, முதல் மாருதி 800 சாவி கைமாறியது 1983 டிசம்பரில்.

கடன் மனுக்களைப் பார்த்தே பாதி ஆயுள் போனவன் நான். கையில் ஓடுகிற வண்டி இருந்தும் ஒரு காகிதம் இல்லாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். பான்டியாக்காரர்களுக்குத் தங்கள் கம்பெனி விதியைத்தான் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மேனனுக்கு எதிரில் இருந்தது டெல்லி.

வீடு திரும்பும்போது பையன் விடவில்லை. "அந்த கார் பொன்முடி ஏறியிருக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை போனில் அவனையே தாத்தாவிடம் கேட்க வைத்தேன்.

"தண்ணி ஊத்தாமலே ஏறியிருக்கும்டா கண்ணா" என்றார் அப்பா.