இணையவழித் தொலைபேசி

மனிதக் குரலை எண்வடிவத் தரவாக மாற்றி, இணையத்தின் வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் ஒலியாக்கித் தரும் தொடர்பு முறை இணையவழித் தொலைபேசி எனப்படும். நூறாண்டுகளுக்கும் மேலாகச் செப்புக் கம்பியை நம்பியிருந்த தரைவழித் தொலைபேசியின் இடத்தை இது பல நாடுகளில் பிடித்துவிட்டது. கட்டணம் குறைவு என்பதே இதற்குக் காரணமாகப் பொதுவாகச் சொல்லப்பட்டாலும், பழைய இணைப்பகங்களின் கருவிகளுக்கு உதிரிப் பாகங்கள் அரிதாகிப் பழுதுகள் பெருகியதும் வலுவான காரணமாகும்.

பழைய முறையில், எண்ணைச் சுழற்றியதும் இரு முனைகளுக்கும் இடையே ஒரு தனிப்பாதை ஒதுக்கப்பட்டு, பேசுவோர் மௌனமாக இருந்தாலும்கூட அழைப்பு முடியும்வரை அது அவர்களுக்கே உரியதாக இருந்தது. இணையத்தில் அத்தகைய பாதை இல்லை. 1972இல் வகுக்கப்பட்ட ஜி.711 என்ற தரத்தின்படி, குரல் நொடிக்கு 8,000 முறை அளவிடப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாகக் குறிக்கப்படுவதால் நொடிக்கு 64 கிலோபிட் தரவு உண்டாகிறது, ஜி.729 போன்ற சுருக்க முறைகள் அதனை 8 கிலோபிட்டாகக் குறைக்கின்றன. இத்தரவு, பெரும்பாலும் 20 மில்லிநொடிப் பேச்சைக் கொண்ட பொதிகளாக நறுக்கப்பட்டு, சேருமிடத்தின் முகவரி இடப்பட்டு அனுப்பப்படுகிறது. பொதிகள் முன்பின்னாக வந்து சேரலாம். சில வராமலும் போகலாம். மின்னஞ்சலில் தொலைந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெற முடியும்; உரையாடலிலோ காலந்தாழ்ந்து வரும் பொதியால் பயனில்லை என்பதால், சிறு இழப்புகளைப் பொறுத்துக்கொண்டு வேகத்திற்கே முன்னுரிமை தரப்படுகிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பின் பெரும்பாலான உரையாடல்கள் தடைப்படுவதில்லை எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்துள்ளது.

1974இல் டேனி கோஹன் முதலானோர் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில் பொதிவழிப் பேச்சைச் சோதித்தனர். 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கணினிகளுக்கிடையே பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் ‘சிப்’ என்ற நெறிமுறை 1999இல் வெளியானது. 2003இல் தோன்றிய ஸ்கைப், வெளிநாட்டு அழைப்பை ஏறத்தாழ இலவசமாக்கி, 2025 மே மாதம் மூடப்பட்டது. இந்தியாவில் 2002 ஏப்ரல் முதல் இணையவழிப் பேச்சுக்கு அனுமதி இருந்தபோதும், இணையத்திலிருந்து உள்நாட்டுத் தொலைபேசி எண்களை அழைப்பதற்கான வழி 2018இல்தான் திறந்தது.

பழைய தொலைபேசிக்கு இது முழு மாற்றாகுமா என்ற கேள்வி, குரலின் தரத்தைவிட மின்சாரத்தையே சார்ந்துள்ளது. செப்புக் கம்பி பேச்சோடு ஏறத்தாழ 50 வோல்ட் மின்னழுத்தத்தையும் இணைப்பகத்திலிருந்து சுமந்துவந்ததால், வீட்டில் மின்சாரம் நின்றாலும் தொலைபேசி இயங்கியது. அதன் இடத்தில் வரும் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ரவுட்டர் அணைந்தால் அழைப்பும் இல்லை. பிரிட்டன் இதனைக் கடுமையாக உணர்ந்தது. 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயலால் அந்நாட்டின் வடபகுதிகளில் பல வீடுகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன; அடுத்த ஆண்டு மார்ச்சில் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் வீட்டு இணைப்புகளை மாற்றும் பணியை நிறுத்திவைத்தது. கழுத்திலோ கையிலோ அணிந்த பொத்தானை அழுத்தித் தொலைபேசி வழியே உதவி கோரும் முதியோரும் நோயுற்றோரும் அங்கு ஏறத்தாழ 18 லட்சம் பேர். அவர்களுள் சிலரின் கருவிகள் மாற்றத்திற்குப் பின் இயங்காமல் போனதை அடுத்து, 2023 டிசம்பரில் நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்த ஒப்புக்கொண்டன.

இருப்பிடம் அறிதலும் சிக்கலானதே: செப்புக் கம்பி ஒரு முகவரியில் முடிந்தது, இணைய எண்ணை எங்கிருந்தும் பயன்படுத்தலாம். எனவே, அவசர அழைப்புடன் பயனர் பதிந்த முகவரியையும் அனுப்பும்படி அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2005இல் ஆணையிட்டது.

மின்தடையின்போது குறைந்தது 1 மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நெறி. நாள்கணக்கில் நீளும் மின்தடையைக் கண்ட ஊர்களுக்கு இது போதாது. அந்நாட்டில் பழைய வலையமைப்பை மூடும் நாள் 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரி 31க்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.