சட்டமான வாக்கும் காகிதமான வாக்கும்



ஆட்சி கை மாறும்போது யாருடைய சோறு முதலில் பத்திரப்படுத்தப்படுகிறது? இந்தக் கேள்வியோடுதான் நாம் 1947ஐப் படிக்க வேண்டும்.

அவ்வாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய விடுதலைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, ஐ.சி.எஸ். அதிகாரிகளைப் பற்றியும் பேசியது. லண்டனில் இருந்த இந்திய விவகார அமைச்சரால் நியமிக்கப்பட்டவர்கள் புதிய அரசின்கீழ் பணியைத் தொடர்ந்தால் பழைய சம்பளம், விடுப்பு, ஓய்வூதிய உரிமைகள் அப்படியே நீடிக்கும் என்றது. நமது அரசமைப்பின் 314ஆவது பிரிவும் அதே உறுதியைத் தந்தது. 1949 அக்டோபரில் அரசமைப்பு அவையில் எதிர்ப்பு எழுந்தபோது, கொடுத்த வாக்கை மீறக்கூடாது என்று வாதாடினார் வல்லபாய் பட்டேல். 1972இல் 28ஆவது திருத்தம் நீக்கும்வரை அந்தப் பிரிவு நின்றது.

ஓய்வூதியம் உழைப்பின் உரிமை. அதை நாம் குறை சொல்லவில்லை. அதே ஆட்சி நமக்குத் தந்த வாக்கு என்னவாயிற்று என்றுதான் கேட்கிறோம்.

செங்கல்பட்டில் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அவரும் சிவில் சர்வீஸ்காரர்தான். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பத்தாண்டுகள் விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் பிறர் கைக்குப் போனது.

அண்ணல் அம்பேத்கர் இந்த ஆபத்தை அறிந்திருந்தார். 1947இல் அரசமைப்பு அவைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' கோரிக்கை மனுவில், தரிசு நிலங்களில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும், நிலம் அரசுடைமையாக வேண்டும், இவை அரசமைப்பிலேயே எழுதப்பட வேண்டும் என்றார். அவை எழுதப்படவில்லை. நமது பொருளாதார நலனைக் காக்கச் சொல்லும் 46ஆவது பிரிவு வந்தது. அதை நீதிமன்றத்தின் மூலம் அமலாக்க முடியாது என்று 37ஆவது பிரிவு சொல்லிவிட்டது. அதிகாரியின் ஓய்வூதியம் உரிமை. சேரியின் நிலம் வெறும் வழிகாட்டுதல்.

1994இல் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரின் பழைய நில ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். எந்த நிலம் பஞ்சமி, இன்று யார் கையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். வாக்கைக் காப்பாற்ற இந்த அரசுக்குத் தெரியும். 314ஆவது பிரிவே அதற்குச் சாட்சி. நமக்குத் தந்த வாக்கையும் காப்பாற்று என்பதே நம் கோரிக்கை.