கடையும் கதையும்

கணக்கேடு பிடித்த கைக்குக் கற்பனை வாராது என்று சொல்வோர் நம்மிடையே பலர். வணிகன் வேறு, கலைஞன் வேறு என்னும் இக்கருத்தை வரலாற்றில் வைத்து நோக்குவோமாயின், எழுத்து ஓய்வுடையோரின் தனியுடைமையாயிருந்த காலத்தின் எச்சமே அதுவென்பது புலனாகும்.

பழந்தமிழகம் இப்பிரிவினையை அறிந்ததில்லை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர், சங்கப் புலவர். மணிமேகலையின் பதிகம் அந்நூலாசிரியர் சாத்தனாரைக் கூலவாணிகன் என்றே சுட்டுகின்றது. தானியம் அளந்த அவ்வணிகரின் காப்பியத்திலேதான் பசிப்பிணி பெரும்பொருளாகிறது; அமுதசுரபி ஏழைகளின் கலமாகிறது. நெல்லின் விலையை அறிந்தவர் பட்டினியின் விலையையும் அறிந்திருந்தார் எனலாம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1927இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த டொமினிக் ஜீவா, சாதி இழிவு துரத்த, இளமையிலேயே பள்ளியை விட்டவர். சவரக்கடையே அவருடைய தொழிற்களம். அதுவே அவருக்குப் பல்கலைக்கழகமுமாயிற்று. பலதரப்பட்ட மனிதரும் வந்தமரும் நாற்காலியின் பின்னே நின்று சமூகத்தைக் கற்றார். தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்திருந்த ப. ஜீவானந்தத்தின் தொடர்பு அவருக்குக் கொள்கையையும் புனைபெயரையும் அளித்தது. 1960இல் வெளியான 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். கடையிலிருந்தே இதழை நடத்தி, தோளிற் சுமந்து நடந்து விற்றார். பின்னர் அவ்விதழ்ப் பணியே அவருடைய வாழ்வாயிற்று. 2021இல் அவர் மறைந்தார்.

கடலுக்கு அப்பால், குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானோ மிளகாய் வற்றல் வணிகர். தொழிலைக் கைவிடாமலே எழுதினார். 1988இல் நூலுருப்பெற்ற 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், ஊரை அடக்கியாளும் செல்வரின் அதிகாரத்தை எதிர்த்து நிற்பவன் சுறாப்பீலி விற்கும் ஓர் ஏழை. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது.

ஒருவர் கடையைத் துறந்தார், மற்றவர் துறக்கவில்லை. ஆகவே, தொழிலை விடுவதா தொடர்வதா என்பதன்று வினா. யாருடைய கணக்கை எழுதுவது என்பதே வினா. வணிகனின் ஏடு வரவையும் செலவையும் காட்டும். அந்த வரவுக்காக வியர்வை சிந்தியவன் யாரென்பதை அது காட்டாது. ஏடு விட்ட இடத்திலே கதை தொடங்குகின்றது.

முந்தலில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கியச் செய்தியன்று. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட இக்கரையிலே களப்பும் கடலும் தென்னையும் இறால் பண்ணையும் உண்டு. கருவாட்டுச் சிப்பம் கட்டுவோரும், முற்பணக் கடனில் வலை வாங்கியோரும், சந்தையில் கடை விரிப்போரும் உண்டு. அவர்தம் பிள்ளைகளே நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். வீட்டிலே பேரம் பேசும் மொழியைப் பள்ளி வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு, நிலவையும் தென்றலையும் பற்றிக் கட்டுரை எழுதும்படி நாம் அவர்களைப் பழக்குகின்றோம். தராசின் மொழியிலேயே அவர்கள் எழுதட்டும். இக்கரையின் கதை அவர்களிடந்தான் இருக்கிறது. தாளும் நேரமும் மதிப்பும் அளிப்பது ஆசிரியராகிய நம் கடன்.